நாற்பது ஏக்கர் புகலிடம்

ஜூன் இருபத்தேழாம் தேதி டெல்மர் கூபிக்கின் மக்காச்சோளம் படுத்துவிட்டது. காற்று அடித்தது உண்மைதான். ஆனால் அது நெப்ராஸ்காவில் யாரும் காற்று என்று சொல்லக் கூசும் காற்று. கொடியில் காயப்போட்ட துணிகூட அசைந்ததோடு சரி. விடிந்து பார்த்தால் நூற்றறுபது ஏக்கரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தலையை மட்டும் தூக்கிக்கொண்டு, வாத்துக் கழுத்தாக வளைந்து நின்றது.

டெல்மர் மண்வெட்டியால் ஒரு செடியை அடியோடு பெயர்த்தார். பெயர்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கையால் தூக்கினாலே வந்தது. வேர் இருக்க வேண்டிய இடத்தில் மழித்த தாடைபோல நாலு முளைகள். மண்ணை உதிர்த்தார். நூல் கனத்தில், வெள்ளையாக, தலை மட்டும் பழுப்பாக ஒன்பது புழுக்கள் உள்ளங்கையில் நெளிந்தன. நல்ல போஷாக்கான புழுக்கள்.

வேலி ஓரமாக வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார் பக்கத்து நிலத்துக்காரர் யூஜீன் ஜெலினெக். "என்னய்யா டெல், உன் சோளமெல்லாம் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுது? ஞாயித்துக்கிழமை நீ பூசைக்கு வராததுக்குப் பதிலா?"

"ஜெபம் பண்றதுக்கு முழங்கால் இருக்கணும். இதுக்குக் காலே இல்ல."

யூஜீன் இறங்கி வந்து பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "இது புழுவைக் கொல்ற விதைதானே?"

"ஆமா."

"அப்ப இது என்ன?"

"புழு."

டெல்மர் வாங்கியது சாதாரண விதை அல்ல. அதன் பெயர் 'வேர்க்கவசம்'. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் நஞ்சைச் செடிக்குள்ளேயே வைத்துப் படைத்திருந்தார்கள். வேரைக் கடிக்கும் புழு வயிறு வெடித்துச் சாகும் என்று மூட்டையில் படம் போட்டிருந்தது. மூட்டையோடு எழுபத்தொரு பக்கத்தில் ஒரு புத்தகமும் வந்தது. மூட்டையைப் பிரித்தாலே அந்தப் புத்தகத்துக்குக் கையெழுத்துப் போட்டதாக அர்த்தம் என்று புத்தகத்தின் உள்ளே எழுதியிருந்தது.

அந்தப் புத்தகத்தின் சாரம் இதுதான். எல்லாப் புழுவுக்கும் நஞ்சே போட்டால், தப்பிப் பிழைக்கும் ஒன்றிரண்டு முரட்டுப் புழுக்கள் தங்களுக்குள்ளேயே கூடி, முரட்டுப் பிள்ளைகளைப் பெறும். ஆகவே ஐந்தில் ஒரு பங்கு நிலத்தில் நஞ்சில்லாத சாதாரணச் சோளம் போட வேண்டும். அதற்குப் புகலிடம் என்று பெயர். அங்கே சாதுப் புழுக்கள் தின்று வளர்ந்து, வண்டாகி, பறந்து போய் முரட்டு வண்டுகளை மணந்துகொள்ளும். பிறக்கும் பிள்ளைகள் சாதுவாகப் பிறந்து சாதுவாகச் சாகும். கணக்கு சரிதான். புழுக்கள்தான் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை.

டெல்மரிடம் இருநூறு ஏக்கர். நூற்றறுபதில் வேர்க்கவசம், நாற்பதில் புகலிடம். அதை நம்பி அறுபத்து நாலு கறவை மாடுகள். மக்காச்சோளத்தைப் பச்சையாக இருக்கும்போதே தண்டோடு நறுக்கி, குழியில் அழுத்தி, மூடிப் புளிக்கவைத்துக் குளிர்காலம் முழுக்கப் போட வேண்டும். அதனால்தான் வருடா வருடம் அந்த நூற்றறுபதில் சோளத்துக்கு மேல் சோளமாகப் போட்டு வந்தார். மாட்டுக்கு வேறு சமையல் தெரியாது.

அவர் மூட்டையில் இருந்த எண்ணைக் கூப்பிட்டார்.

"வேர்க்கவசம் வாடிக்கையாளர் அக்கறை மையம். என் பேரு கேண்டஸ். இன்னைக்கு உங்க வேரெல்லாம் எப்படி இருக்கு?"

"வேரே இல்லம்மா. புழு தின்னுடுச்சு. உங்க விஷத்துக்கு இது அடங்க மாட்டேங்குது. எதிர்ப்புசக்தி வந்துடுச்சு."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "அந்த வார்த்தை என் திரையில இல்ல சார். 'எதிர்பாராத சேதம்'னு ஒண்ணு இருக்கு. அதை அழுத்தவா?"

"நான் எதிர்பார்த்தேனேம்மா. போன வருஷமும் இதேதான். அதுக்கு முந்தின வருஷமும் ஓரமா கொஞ்சம் விழுந்துச்சு."

"அப்படின்னா அது எதிர்பார்த்த சேதம். அதுக்கு ஃபார்ம் கிடையாது சார்."

சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி வெர்னாவை டெல்மர் பார்த்தார். வெர்னா கையை விரித்துக் காட்டினாள்.

"சரிம்மா," என்றார் டெல்மர். "நான் எதிர்பார்க்கல."

"ரொம்ப வருத்தமா இருக்கு சார்," என்றாள் கேண்டஸ் மகிழ்ச்சியாக.

ஆறு நாள் கழித்து ட்ரெவர் ஹால்வர்சன் என்ற கள அலுவலர் வந்தார். பூட்ஸுக்கு மேல் நீல நிறப் பிளாஸ்டிக் உறை, கையில் ஒரு பெட்டி. நல்ல பையன். சாய்ந்து கிடந்த நூற்றறுபது ஏக்கரை அவர் பார்க்கவில்லை, அதற்கு அவருடைய படிவத்தில் இடம் இல்லை. ஒரு இலையைக் கிள்ளிக் குப்பியில் போட்டு மசித்து, காகிதப் பட்டை ஒன்றை உள்ளே விட்டுக் காத்திருந்தார். இரண்டு கோடுகள் தோன்றின.

"வாழ்த்துகள்," என்றாள் வெர்னா. "யாருக்குக் குழந்தை?"

ட்ரெவர் சிரிக்கவில்லை. "செடியில நஞ்சு இருக்கு. செடி தன் வேலையைச் சரியாச் செய்யுது சார்."

"புழுவும் சரியாத்தான் செய்யுது," என்று டெல்மர் புழு நெளிந்த உள்ளங்கையை நீட்டினார்.

ட்ரெவர் குனிந்து பார்த்தார். "இது செத்திருக்கணும்."

"நீங்களே எடுத்துச் சொல்லிப் பாருங்க."

ட்ரெவர் வண்டிக்குப் போய் யாரிடமோ பேசிவிட்டுத் திரும்பினார். "சார், எங்க முடிவு என்னன்னா, வேர்க்கவசம் போட்ட வயல்ல உயிரோட ஒரு புழு இருந்தா, அது வேர்க்கவசத்தைத் தின்னாத புழு. தின்னிருந்தா செத்திருக்கும். ஆகவே இது உங்க புகலிடத்துலேர்ந்து வழிதவறி வந்த புழு."

"புகலிடம் அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு தம்பி. கால் மைல். இந்தப் புழு ஆயுசு முழுக்க நடந்தாலும் ரெண்டு முழம் தாண்டாது."

"அதனாலதான் 'வழிதவறி'ன்னு எழுதறோம்."

எழுதினார். அப்படி எழுதியதும் விஷயம் அவர் கையை விட்டுப் போய்விட்டது. புகலிடத்திலிருந்து தப்பும் புழுக்களுக்கு அவருடைய நிறுவனம் பொறுப்பல்ல. அதற்கென்று ஒரு ஆணையம் இருந்தது. காப்பீட்டுக்காரரையும் டெல்மர் கூப்பிட்டுப் பார்த்தார். புழுவைக் கொல்லும் விதை போட்ட வயலில் புழுச் சேதம் நடக்காது, ஆகவே அது காற்றுச் சேதம், ஆனால் அன்றைக்குக் காற்று அடித்ததாகப் பதிவில்லை, ஆகவே சேதமே இல்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

ஜூலைக் கடைசியில் பூச்சிப் புகலிட மேலாண்மை ஆணையத்திலிருந்து டாக்டர் ஆட்ரா விட்கம் வந்தார். மெல்லிய குரல், வெயிலுக்குப் பெரிய தொப்பி. டெல்மருக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. ஏனென்றால் புகலிடம் பிரமாதமாக இருந்தது. நாற்பது ஏக்கரும் ஆளுயரத்துக்கு மேல், கரும்பச்சையாக, நிமிர்ந்து நின்றது. போன வருடம் அதில் சோயா போட்டிருந்தார். வேர்ப்புழுவின் தாய் சோள வயலில்தான் முட்டையிடும், சோயாவில் இடாது. அதனால் அந்த நிலத்தில் இந்த வருடம் புழு இல்லை. படுத்த நூற்றறுபதும் தீவனத்துக்குத் தேறாது, இந்த நாற்பதை வைத்து எப்படியாவது மாடுகளைக் குளிர்காலம் தாண்ட வைத்துவிடலாம் என்று அவரும் வெர்னாவும் ராத்திரிச் சாப்பாட்டில் பேசி முடிவெடுத்திருந்தார்கள்.

டாக்டர் விட்கம் ஐம்பது செடிகளைத் தோண்டி வேரைக் கழுவிப் பார்த்தார். மண்ணிலிருந்து வெளிவரும் வண்டுகளைப் பிடிக்கச் சின்னச் சின்னக் கூடாரங்கள் அடித்து ஒரு வாரம் காத்திருந்தார். எட்டாம் நாள் சமையலறை மேசையில் வந்து உட்கார்ந்தார். வெர்னா காபியும், பாப்பி விதை வைத்த கொலாச்சி ரொட்டியும் வைத்தாள். அவர் தொடவில்லை.

"மிஸ்டர் கூபிக், சொல்லவே கஷ்டமா இருக்கு. உங்க புகலிடத்துல ஒரு புழுகூட இல்ல."

"ஆமாங்க," என்றார் டெல்மர் பெருமையாக.

"ஒண்ணுகூட."

"இல்லவே இல்லங்க."

"இதை நீங்க சிரிச்சுக்கிட்டே சொல்றது எனக்கு இன்னும் வருத்தமா இருக்கு." குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. "புகலிடம்னா என்ன அர்த்தம்? அடைக்கலம். இத்தனை ஏக்கர் இருந்தும் ஒரு உயிருக்குக்கூட நீங்க அடைக்கலம் குடுக்கல. முந்தின வருஷம் சோயா போட்டு, அதுங்க பிறக்கறதுக்கு முன்னாடியே வீட்டைப் பறிச்சுட்டீங்க."

"அம்மா, அந்தப் பக்கம் நூத்தறுபது ஏக்கர் முழுக்கப் புழுதான். வேணும்கற அளவுக்கு எடுத்துக்குங்க."

"அதெல்லாம் இருக்கக் கூடாத புழு. நாங்க கேக்கறது இருக்க வேண்டிய புழு."

வெர்னா கொலாச்சித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

விதிமீறல் அறிவிப்பு வந்தது. திருத்த நடவடிக்கையை ஏற்காவிட்டால் இரண்டு வருடம் எந்த விதையும் கிடைக்காது. விதைகூடப் போகட்டும், பால் எடுத்துப் போகும் கூட்டுறவு அந்த ஆணையத்தின் சான்றிதழ் இல்லாத பண்ணையில் லாரியை நிறுத்தாது. ஒரு நாள் லாரி வரவில்லையென்றால் பாலைச் சாக்கடையில்தான் ஊற்ற வேண்டும். டெல்மர் கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் திருத்த நடவடிக்கை ஒரு குளிரூட்டிய வேனில் வந்து இறங்கியது. பன்னிரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் 'சாதுவானவை, மெதுவாகக் கையாளவும்' என்று எழுதியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் பல தலைமுறையாக நஞ்சையே பார்க்காமல் வளர்த்த ஆறாயிரம் வண்டுகள். மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு. ஆணும் பெண்ணும் சரிபாதி.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட இத்தனை பேர் வரல," என்றாள் வெர்னா.

டாக்டர் விட்கம் வரப்பில் நின்று ஓர் அறிக்கையை வாசித்தார். பெட்டிகள் திறந்தன. வண்டுகள் ஒரு நிமிடம் வெயிலைப் பார்த்துத் திகைத்தன. பிறகு டெல்மர் கண் முன்னாலேயே, அவரிடம் மிச்சமிருந்த ஒரே நல்ல சோளத்தின் கதிர் முனையில் தொங்கிய பட்டு நூலைக் கொறிக்க ஆரம்பித்தன. டெல்மர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை. சவ அடக்கத்தில் நிற்பதுபோல நின்றிருந்தார்.

அதன்பின் தினமும் காலை பத்து மணிக்கு, பால் கறந்து முடித்ததும், அவர் ஒரு எண்ணும் கருவியோடு புகலிடத்துக்குள் போக வேண்டியிருந்தது. படிவத்தில் மூன்று கட்டங்கள்: சாது, மற்றவை, சோடி சேர்ந்தவை.

யூஜீன் வேலியில் சாய்ந்துகொண்டு கேட்டார். "என்னய்யா எண்ணிக்கிட்டிருக்க?"

"கல்யாணத்தை."

"எத்தனை ஆச்சு?"

"இன்னைக்குப் பதினாலு. ஒண்ணு சந்தேகம்."

யூஜீன் நெற்றியைச் சொறிந்தார். "டெல், நீ நல்லாத்தானே இருக்க?"

"எண்ணும்போது பேசாதய்யா. விட்டுப் போயிடும்."

சந்தேகம் ஒன்றல்ல, பல. நூற்றறுபது ஏக்கரிலிருந்து முரட்டு வண்டுகள் கூட்டம் கூட்டமாகப் பறந்து வந்து இங்கே விருந்தில் சேர்ந்துகொண்டன. அவையும் மஞ்சள், அவற்றிலும் கறுப்புக் கோடு. டெல்மர் ஆணையத்தைக் கூப்பிட்டு, சாதுவையும் மற்றதையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று கேட்டார்.

"ரொம்பச் சுலபம்," என்றார் டாக்டர் விட்கம். "சாதுவோட புழுவை வேர்க்கவசத்தைத் தின்ன விட்டா செத்துடும்."

"அப்ப தின்ன விட்டுப் பாக்கவா?"

"ஐயோ, வேண்டாம்! செத்துடுமே."

ஆகஸ்ட் முடிந்துகொண்டிருந்தது. இலை ஓரம் மஞ்சளாகத் தொடங்கியது. தீவனத்துக்கு வெட்ட வேண்டிய நாள் நெருங்கியது. கடித்தது போக மிஞ்சியதை இப்போது நறுக்கிக் குழியில் போட்டால் மாடு தின்னும். இரண்டு வாரம் விட்டால் தண்டு காய்ந்து விறைத்து, குழியில் அழுத்தினால் அழுந்தாமல், காற்றுப் புகுந்து பூசணம் பிடிக்கும். டெல்மர் அறுவடை இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுத் தயாராக நிறுத்தியபோது கடிதம் வந்தது. வண்டுகள் முட்டையிட்டு முடிக்கும்வரை, அதாவது செப்டம்பர் முப்பதுவரை, புகலிடத்தில் ஒரு செடியையும் வெட்டக் கூடாது. ஆட்சேபம் இருந்தால் விசாரணைக்கு மனுச் செய்யலாம்.

மனுச் செய்தார். செப்டம்பர் ஒன்பதாம் தேதி நாள் கொடுத்தார்கள். பதினாறுக்குத் தள்ளினார்கள். காரணம், தலைவர் ஒரு விருது வாங்கப் போயிருந்தார்.

விசாரணை சந்தைத் திடலில், கால்நடைப் போட்டி நடக்கும் கொட்டகையில். தரையில் மரத்தூள் அள்ளப்படாமல் கிடந்தது. மேடையில் ஆணையத் தலைவர் லேலண்ட் ப்ரூம், பக்கத்தில் டாக்டர் விட்கம், இன்னும் மூன்று பேர். கேட்க டெல்மரும் வெர்னாவும் யூஜீனும். ஆனாலும் ப்ரூம் ஒலிபெருக்கியில்தான் பேசினார்.

"நண்பர்களே! இந்த ஆணையம் தொடங்கி இருபத்திரண்டு வருஷம். எதிர்ப்புசக்தி உள்ளதா உறுதி செய்யப்பட்ட புழு இந்த மாநிலத்துல ஒண்ணுகூட இல்லைங்கறதை நான் பெருமையோட சொல்றேன். உறுதி செய்யறது விளையாட்டில்ல. பிடிச்ச புழுவை மூணு தலைமுறை வேர்க்கவசத்துலயே வளர்க்கணும். செத்துட்டா ஆராய்ச்சி முடிஞ்சுது. நாங்க வளர்த்தோம். சாகல. மறுபடி வளர்த்தோம். சாகல. இன்னைக்கு எங்க ஆய்வுக்கூடத்துல அது பதினேழாவது தலைமுறை. ஆராய்ச்சி இன்னும் முடியாததால எந்த முடிவும் சொல்ல முடியாத நிலைமையில இருக்கோம். அறிவியல்ல அவசரம் கூடாது. சந்தேகம் இருக்கறவரைக்கும் நம்பிக்கை இருக்கு!"

விட்கம் கை தட்டினார். பிறகு டெல்மரைப் பேசச் சொன்னார்கள். அவர் எழுதி வைத்திருந்த தாளை ஒரு தடவை பார்த்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஐயா, எனக்கு அறிவியல் தெரியாது. போன வாரமே வெட்டியிருக்கணும். இன்னைக்கு வெட்டினாலும் பாதி தேறும். எனக்கு விதை வேண்டாம், நஷ்ட ஈடு வேண்டாம், யாரையும் தப்பு சொல்லல. அந்த நாப்பது ஏக்கரை மட்டும் வெட்டிக்க விடுங்க. அறுபத்தி நாலு வாய் காத்துக்கிட்டிருக்கு. அவ்வளவுதான்."

"அறுபத்தி நாலு என்ன?" என்றார் ப்ரூம்.

"மாடுங்க."

ப்ரூம் விட்கம் பக்கம் திரும்பினார். "மாடு நம்ம பட்டியல்ல வருமா?"

"வராதுங்க. பூச்சி மட்டும்தான்."

"பாருங்க மிஸ்டர் கூபிக், உங்க மாடு மேல எங்களுக்கு ரொம்ப அனுதாபம். ஆனா எங்க அனுதாபம் அதிகாரப்பூர்வமா பூச்சியோட நின்னுடுது."

வெர்னா எழுந்தாள். அவள் பேசுவாள் என்று டெல்மரே நினைக்கவில்லை. "நீங்க யாராவது என்னைக்காவது பட்டினி கிடக்கற மாட்டைப் பார்த்திருக்கீங்களா? அது கத்தாது. தீனி போடறவ வர்ற வழியையே பார்த்துக்கிட்டு நிக்கும். நான்தான் அந்த வழியா வரணும். நீங்க வர வேண்டாம்."

மரத்தூளில் ஒரு குருவி இறங்கி ஏதோ பொறுக்கியது. ப்ரூம் தொண்டையைச் செருமினார். "அம்மாவோட உணர்ச்சியைக் குறிப்பில பதிவு பண்ணிக்குங்க," என்றார். பதிந்துகொண்டார்கள்.

தீர்ப்பு கருணையானதுதான். வண்டு உட்கார்ந்திராத வரிசைகளை மட்டும் வெட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு வரிசையிலும் வண்டு இல்லை என்று எழுத்தில் சான்று தர வேண்டும். டெல்மரும் வெர்னாவும் நாலு நாள் வரிசை வரிசையாக நடந்தார்கள். வண்டு உட்காராத வரிசை என்று ஒன்றும் அகப்படவில்லை. இல்லாததை இல்லை என்று எழுதலாம். இருப்பதை எப்படி இல்லையென்று எழுதுவது? அந்தத் திறமை வெர்னாவுக்கும் இல்லை, டெல்மருக்கும் இல்லை. ஐந்தாம் நாள் காலை வெர்னா ஒரு செடியின் இலையைக் கசக்கிப் பார்த்தாள். செய்தித்தாள்போல நொறுங்கியது. "போதும் டெல்," என்றாள். "வா, வீட்டுக்குப் போலாம்."

அக்டோபர் முதல் தேதி அனுமதி வந்தது. கூடவே விதிகளைச் சிறப்பாகக் கடைப்பிடித்ததற்கான சான்றிதழும். பால் லாரியும் அன்று நேரத்துக்கு வந்தது.

வைக்கோலும் வெளியில் வாங்கிய தீவனமுமாக நவம்பர் பாதிவரை இழுத்தார்கள். பிறகு வில்பர் ட்ராயர் என்ற மாட்டு வியாபாரியைக் கூப்பிட்டார்கள். அவர் வந்த காலை வெர்னா எல்லா மாட்டையும் தேய்த்துக் கழுவி நிறுத்தியிருந்தாள். விற்கப் போகும் மாட்டை யாரும் அப்படிக் கழுவ மாட்டார்கள். ட்ராயர் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நடை ஏற்றினார். மூன்றாவது நடையில் ஒரு கிழட்டு மாடு சரிவில் ஏற மறுத்து நின்றது. டெல்மர் அதன் பின்தொடையில் கை வைத்துத் தள்ள வேண்டியிருந்தது. அந்தக் கையை அவர் அன்று முழுக்கக் கோட்டுப் பையிலேயே வைத்திருந்தார்.

அதன்பிறகும் விடிகாலை நாலரைக்கு இருவருக்கும் விழிப்பு வந்தது. எழுந்து பூட்ஸைத் தேடுவார்கள். நினைவு வரும். அப்படியே கட்டில் விளிம்பில், இவர் அந்தப் பக்கமும் அவள் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருப்பார்கள்.

வசந்தம் வந்ததும் டெல்மர் இருநூறு ஏக்கரிலும் சோயா போட்டார். சோளம் ஒரு செடிகூட இல்லை. தின்ன மாடில்லாதபோது சோளம் யாருக்கு? ஜூனில் முட்டைகள் பொரிந்தன. லட்சக்கணக்கில், முரடும் சாதுவும் ஒன்றாக. நாலா பக்கமும் வேர் தேடின. சோயா வேர் அவற்றுக்கு ஆகாது. ஒரு வாரத்தில் எல்லாம் மண்ணோடு மண்ணாகிப் போயின. டெல்மர் மண்வெட்டியால் பத்து இடங்களில் தோண்டிப் பார்த்தார். ஒன்றும் நெளியவில்லை. மூன்று வருடமாக இந்தக் காட்சிக்காகத்தான் ஏங்கியிருந்தார். மண்ணை மூடிவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஜூலையில் டாக்டர் விட்கம் தொடர் ஆய்வுக்கு வந்தார். அவரும் தோண்டினார்.

"அதிசயமா இருக்கு. போன வருஷம் அத்தனை புழு. எங்க போச்சு?"

"செத்துப் போச்சுங்க. பட்டினி."

"வேர்க்கவசம் போட்ட வயல்லயா செத்துது?"

"போன வருஷம் வேர்க்கவசம் போட்ட வயல். இந்த வருஷம் சோயா."

அவர் எழுதிக்கொண்டதை டெல்மர் பார்த்தார். 'வேர்க்கவசம் போட்ட வயல்' என்பதுவரை எழுதினார். பிறகு பேனா மூடியைப் போட்டுவிட்டார்.

ஜனவரியில் ஆணையத்தின் ஆண்டு மாநாடு. டெல்மரை மேடைக்கு அழைத்திருந்தார்கள். போக வேண்டாம் என்றாள் வெர்னா. "யாராவது ஒருத்தர் நெஜத்தைக் கேட்டுட்டா நல்லதுதானே," என்று டெல்மர் போனார். முந்நூறு பேர் இருந்தார்கள். பின்னால் திரையில் அவருடைய நிலத்தின் வரைபடம். முந்தின வருடம் சிவப்பு, போன வருடம் பச்சை.

"ஒரே வருஷம்!" என்று முழங்கினார் லேலண்ட் ப்ரூம். "புகலிடத்தை முறையாப் பராமரிச்ச ஒரே வருஷத்துல, ஒரு பண்ணையில வேர்ப்புழு பூஜ்யம்! அந்த விவசாயியே இங்க இருக்கார். மிஸ்டர் கூபிக், உங்க வயல்ல போன வருஷம் புழு தின்ன சோளம் எத்தனை ஏக்கர்? நீங்களே சொல்லுங்க."

டெல்மர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். "அந்த வயல்ல சோளமே இல்லீங்க. மாட்டை வித்துட்டேன். அதனால சோயா போட்டேன். புழு செத்தது உங்களால இல்ல. தின்ன எதுவும் இல்லாததால."

"கேட்டீங்களா?" ப்ரூம் இரண்டு கையையும் உயர்த்தினார். "தின்ன எதுவும் இல்லாம புழு செத்துதாம்! வேர்க்கவசத்தைப் பத்தி இதைவிடச் சுருக்கமா யாரும் சொல்ல முடியாது!"

முந்நூறு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். டெல்மர் மறுபடி வாயைத் திறந்தார். ஒலிபெருக்கியை ஏற்கனவே யாரோ மெதுவாக வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே பனி பெய்து நின்றிருந்தது. வண்டிக் கதவைத் திறக்கும்போது பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். பனியில் ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. கையுறை இல்லாத விரல்கள் வெடித்திருந்தன. பால் கறக்கிற கை என்று பார்த்ததும் தெரிந்தது.

"நில்லுங்க, ஒரு நிமிஷம். என் பேரு லொரெய்ன் பெட்ஸ்கா. ஆத்துக்கு வடக்கே எங்க பண்ணை. ரெண்டு வருஷமா என் சோளமும் படுத்துக்கிட்டே இருக்கு. அவங்க சொன்னது எனக்குப் புரியல. நீங்க சொன்னதுதான் புரிஞ்சுது. நெஜமாவே சோளம் போடாம விட்டா புழு போயிடுமா?"

"போயிடும்."

"எல்லாமா?"

"எல்லாம்."

அவள் முகம் மலர்ந்தது. அப்புறம் மெதுவாக யோசித்தாள். டெல்மர் அவள் எங்கே போய் நிற்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயே போய் நின்றாள்.

"அப்ப மாட்டுக்கு என்ன போட்டீங்க?"

டெல்மர் வண்டிக் கதவைச் சாத்தினார். "எத்தனை மாடு?" என்று கேட்டார்.

"நாப்பத்தி ரெண்டு. பதினோரு கன்னு."

அவர் மாநாட்டு நிகழ்ச்சி நிரலை எடுத்து, வண்டியின் மூடிமேல் பனியைத் துடைத்துவிட்டு வைத்து, ஒரு பெயரும் எண்ணும் எழுதினார். பேனா குளிரில் உறைந்து இரண்டு முறை நின்றது. ஊதி ஊதி எழுதினார்.

"ட்ராயர்னு மாட்டு வியாபாரி ஒருத்தர். நல்ல மனுஷன். அடிக்காம ஏத்துவார். முதல் நடையில கிழட்டு மாட்டை அனுப்பிடு, கடைசிக்கு வெக்காத. ஏத்தும்போது நீ வெளிய நிக்காத, வீட்டுக்குள்ள போயிடு. முடிஞ்சதும் அவரே கொட்டில் கதவைச் சாத்திட்டுப் போயிடுவார். கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்."

லொரெய்ன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பாள் என்று டெல்மர் ஒரு கணம் ஆசைப்பட்டார். அவள் அதை நாலாக மடித்து, ஈரம் படாமல் இருக்கச் சட்டையின் உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.